ஒரு கழித்தல் குறி

டெய்லரக்கா பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் தோற்றவள். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. கல்யாணம் பேசும்போதே மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிட்டாள், "எனக்குக் கணக்கு சுத்தமா வராதுங்க" என்று. மாப்பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். "பரவாயில்ல, வீட்டுக்கு ஒரு ஆள் போதும்" என்றார். அந்தப் பதிலுக்காகத்தான் தனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று என்று பின்னாளில் மகளிடம் சொல்லுவாள்.

முன்னறையில் அவளுடைய தையல் மிஷின். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு மேசை. சாயங்காலமானால் அது டியூஷன் மேசையாகிவிடும். அவள் சீருடைகளுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருக்கும்போது சுவர் தாண்டி அவர் குரல் வரும். "ரெண்டு நம்பர் தேடு. பெருக்கினா கடைசி நம்பர் வரணும், கூட்டினா நடு நம்பர் வரணும். எங்கடா ஒளிஞ்சிருக்கான் எக்ஸ், பிடிச்சு இழுத்துட்டு வா." இப்படி எந்நேரமும் எக்ஸைத் தேடியதால் பிள்ளைகள் அவருக்கு 'எக்ஸ் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொண்டதில்லை. வருடக்கணக்காக அந்த வாசகத்தைக் கேட்டவளுக்கு, அது எதைப் பற்றியது என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. மிஷின் சத்தம், அவர் குரல், பிள்ளைகளின் முணுமுணுப்பு எல்லாம் சேர்ந்து வீட்டின் சத்தம். அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. பலகையில் எழுதிக்கொண்டே போனவர், பலகை முடிந்த பிறகும் கையை நிறுத்தாமல் சுவரிலும் எழுதினார். பிள்ளைகள் சிரித்தார்கள். எக்ஸ் சார் ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்தார்கள். சாக்பீஸ் கைநழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். உயிர் தப்பியது. வலது கை, வலது கால் இரண்டும் துவண்டுவிட்டன. பேச்சு போய்விட்டது. வீட்டுக்கு வந்த புதிதில் அவர் வாயில் ஒரே ஒரு சொல்தான் வந்தது. 'சாவி.' தண்ணீர் வேண்டுமென்றாலும் சாவி, ஜன்னலை மூடச் சொன்னாலும் சாவி, அவளைக் கூப்பிட்டாலும் சாவி. அவளும் "என்னங்க, இந்தா வந்துட்டா உங்க சாவி" என்று சிரித்துக்கொண்டே போய் நிற்பாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதுவிட்டு வருவாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். மகள் வயதுதான் இருக்கும், ஆனால் விவரமானவள். "புதுசா எதுவும் வேணாம்மா. ஆயுசு பூரா என்ன செஞ்சாரோ அதையே குடுங்க. மூளையில பழகின வழி எங்கயாவது ஒண்ணு திறந்திருக்கும்" என்றாள்.

"அவரு கணக்கு தாங்க செஞ்சாரு."

"அப்ப கணக்கு குடுங்க."

"எனக்குக் கணக்கு வராதே."

"அவருக்கும் இப்ப வராதும்மா" என்றாள் அந்தப் பெண். "ரெண்டு பேரும் சேர்ந்தே ஆரம்பிங்க."

ஒரு சின்னக் கரும்பலகை வாங்கி, சாப்பாட்டு மேசையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். காலையில் அவருக்குச் சவரம் செய்துவிட்டு, டீ கொடுத்துவிட்டு, எதிரில் உட்காருவாள். இரண்டும் மூன்றும் எத்தனை? முதல் நாட்களில் அதற்கே அவர் நெற்றி வியர்த்தது. இடது கையில் சாக்பீஸைப் பிடித்தால் அது முழ நீளத்துக்குக் கோடு இழுத்தது. ஆனால் விட்டுவிடவில்லை, இரண்டு பேரும். கூட்டல் வந்தது. வாய்ப்பாடு, பாட்டுப் போல, ஒரே மூச்சில் திரும்பி வந்தது. அதன் பின்னால் ஒவ்வொன்றாகச் சொற்களும் வந்தன. தண்ணீர் தண்ணீராயிற்று, ஜன்னல் ஜன்னலாயிற்று. அவளை மட்டும் கொஞ்ச காலம் சாவி என்றே கூப்பிட்டார். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ.

ஒரு நாள் அவள் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் பலகையில் கோணல் மாணலாக ஓர் எழுத்து இருந்தது. x. அதன் தலைமேல் குட்டியாய் ஒரு 2. அவர் அதைச் சுட்டிக்காட்டி, "இது... குடு" என்றார்.

பரணிலிருந்து அவருடைய பழைய பாடப்புத்தகத்தை இறக்கினாள். இருபடிச் சமன்பாடுகள். தான் தோற்றுப்போன அதே பாடம், அதே படங்கள், அதே பயம். மத்தியானம் அவர் தூங்கும் நேரத்தில், வெட்டிப் போட்ட துணிகளுக்கு நடுவே புத்தகத்தை விரித்துவைத்துப் படித்தாள். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. காரணி, கெழு, மாறிலி என்று வாயில் நுழையாத பெயர்களாக இருந்தன. x² + 5x + 6 = 0. இரண்டு எண்களைத் தேட வேண்டும், பெருக்கினால் ஆறு, கூட்டினால் ஐந்து. இரண்டும் மூன்றும். அட, இதைத்தானே இந்த மனிதர் இத்தனை காலமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மிஷின் முன்னால் அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

கணக்கைத் தீர்க்கத்தான் அவளுக்குச் சிரமம். கணக்கை உண்டாக்குவது சுலபம் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். மனசுக்குள் இரண்டு எண்களை எடுத்துக்கொள்வாள். கூட்டி நடுவில் போடுவாள், பெருக்கிக் கடைசியில் போடுவாள். தைத்து முடித்த துணியைக் கொடுத்து, தையல் எங்கே ஓடுகிறது என்று பார்த்துப் பிரிக்கச் சொல்வது போலத்தான். பிரிக்கிற வேலை அவருடையது. விடை தன் மனசில் இருப்பதால் அவரைத் திருத்தவும் முடிந்தது. அவர் ஒவ்வொரு ஜோடியாக எழுதிப் பார்ப்பார். ஒன்றும் ஆறும், கூட்டினால் ஏழு, அடித்துவிடுவார். இரண்டும் மூன்றும், கூட்டினால் ஐந்து. வட்டம் போடுவார். வட்டம் முட்டை மாதிரி இருக்கும். பிறகு இரண்டு அடைப்புக்குறிகளாகப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றும் பூச்சியம் என்று வைத்து, எக்ஸைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார். முடித்ததும் சாக்பீஸை வைத்துவிட்டு அவளைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காக அவள் எதை வேண்டுமானாலும் படிக்கத் தயாராக இருந்தாள்.

அவள் ஒரு நாள் பெருக்கலில் தடுமாறியபோது, "நீ... ஃபெயில்" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வந்த சிரிப்பு.

"ஆமா, ஃபெயில்தான். ஃபெயிலானவகிட்டதான் படிக்கிறீங்க, ஞாபகம் வெச்சுக்கங்க" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை காலத்தில் இரண்டு பேரும் ஒரு மேசையில் ஒரே வேலையாக உட்கார்ந்தது அந்த மாதங்களில்தான். அவர் உடம்பு அப்படி இருக்கும்போது சந்தோஷமாக இருக்கிறோமே என்று அவளுக்கே கூச்சமாக இருக்கும். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் கேட்டால், "ஏதோ ஓடுதுடி" என்று மட்டும் சொல்லுவாள்.

கோடை விடுமுறை வந்தது. பள்ளித் தலைமையாசிரியர் போன் செய்தார். "சாரை வரச் சொல்லுங்கம்மா. திறக்கிற அன்னிக்கு வந்து சும்மா ஒரு வகுப்புல உக்காரட்டும். முடிஞ்சா ஒரு கணக்கு போடட்டும். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்." வாத்தியார் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து குச்சியை ஊன்றிக்கொண்டு கூடத்தில் நடந்து பழகினார். இடது கையாலேயே போட்டுக்கொள்ள வசதியாக, பட்டன்களை மேலுக்கு மட்டும் வைத்து உள்ளே ஒட்டுப்பட்டை போட்டு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றார்.

அப்புறம் ஒரு நாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏமாத்தற" என்றார்.

"நான் என்ன ஏமாத்தினேன்?"

பலகையைக் காட்டினார். "எல்லாம்... சின்னது. எல்லாம் கூட்டல்." கொஞ்ச நேரம் சொல்லைத் தேடினார். "பாவம்னு... போடற."

உண்மைதான். அவர் தோற்கக்கூடாது என்று சின்ன எண்களாக, கழித்தல் இல்லாமல் பொறுக்கிப் பொறுக்கித்தான் கொடுத்து வந்தாள்.

"பிள்ளைங்க... கேப்பாங்க" என்றார். "கஷ்டமா... போடு."

மறுநாளிலிருந்து கழித்தலும் சேர்த்துப் போட்டாள். x² + 3x − 28. அவர் திணறினார், ஆனால் ஏழையும் மைனஸ் நாலையும் பிடித்துவிட்டார். அன்றைக்கு மகளுக்குத் தானே போன் போட்டு, "அம்மா... கஷ்டமா போட்டா. நான்... போட்டேன்" என்றார்.

பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தன. சீருடைகள் மலை மாதிரி குவிந்திருந்தன. அன்று காலை அவள் பலகை முன்னால் நின்று அவசரமாக எழுதிக்கொண்டிருந்தாள். மைனஸ் மூன்று, மைனஸ் நாலு என்று மனசில் எடுத்துக்கொண்டாள். கூட்டினால் மைனஸ் ஏழு, எழுதினாள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், "டெய்லரக்கா, பையனோட பாவாடை... இல்ல, பொண்ணோட பாவாடை ரெடியா?" "பையனுக்கும் வேணும்னா தைக்கிறேன், இருங்க வரேன்" என்று சிரித்துக்கொண்டே திரும்பியவள், பன்னிரண்டையும் எழுதி முடித்துவிட்டு ஓடினாள். இரண்டு மைனஸைப் பெருக்கினால் கூட்டல் வரும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கை, முன்னால் எழுதிய கழித்தலையே மறுபடியும் எழுதிவிட்டிருந்தது.

x² − 7x − 12 = 0.

அன்று முழுக்க மிஷினை விட்டு எழுந்திருக்க நேரமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சாக்பீஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுதுவது, அழிப்பது, எழுதுவது. கஷ்டமான கணக்கு, மெதுவாகப் போடட்டும் என்று நினைத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோது கையை ஆட்டி வேண்டாம் என்றார். தட்டை மூடி வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். அன்றைக்கு ஒரே ஒரு தரம் பலகையை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகுதான் போனாள். பலகை முழுக்க ஜோடிகள். பன்னிரண்டும் ஒன்றும், ஆறும் இரண்டும், நாலும் மூன்றும், எந்தப் பக்கம் கழித்தல் போட முடியுமோ அந்தப் பக்கமெல்லாம் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. அவர் சட்டைக் கை முழுக்கச் சாக்பீஸ் பொடி. அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"வரல" என்றார்.

"விடுங்க, நாளைக்குப் பாக்கலாம்."

"பழசு... எல்லாம் போச்சு." தலையைத் தொட்டுக் காட்டினார். "இங்க... ஒண்ணுமில்ல."

குச்சியை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை, அவர் எங்கே சிக்கிக்கொண்டார் என்று பார்க்கப் பலகை முன்னால் உட்கார்ந்தாள். ஓர் ஓரத்தில், கோணல் எழுத்தில், மைனஸ் மூன்று, மைனஸ் நாலு என்று இருந்தது. கூட்டினால் மைனஸ் ஏழு, சரி. பெருக்கினால் பன்னிரண்டு, கூட்டல் பன்னிரண்டு. கணக்கில் இருப்பதோ கழித்தல் பன்னிரண்டு. அதனால் அடித்திருந்தார். கொஞ்சம் கீழே மறுபடி அதே ஜோடி, மறுபடி அடித்திருந்தார். இன்னோர் இடத்தில் வட்டம் போட்டு, வட்டத்தையே அடித்திருந்தார். அவள் நினைத்து வைத்த விடை அதுதான். அதை அவர் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார். திரும்பத் திரும்ப, சரியாகவே, தள்ளியிருக்கிறார்.

ஓடிப்போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து அவரை எழுப்பினாள்.

"என்னங்க, கணக்கு தப்புங்க. நான் தப்பா எழுதிட்டேன். கூட்டல் போடறதுக்குப் பதிலா மைனஸ் போட்டுட்டேன். நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க. வந்து பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. இடது கையால் அவள் கன்னத்தைத் தட்டினார்.

"பொய்" என்றார், ரொம்ப அன்பாக.

"சத்தியமா பொய் இல்லங்க."

"சின்னது... போட்டல்ல? அப்படித்தான்... இதுவும்."

கையைப் பிடித்து இழுத்து வந்து பலகை முன்னால் உட்காரவைத்து, அடைப்புக்குறி போட்டுப் பெருக்கிக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே போகிற வண்டிகளைப் பார்ப்பது போல அவர் பலகையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். அவள் மனசு நோகக்கூடாது என்பதற்காக ஆட்டிய தலை அது.

அவர் இடத்துக்குப் பள்ளியில் ஒரு சின்ன டீச்சர் வந்திருந்தாள். அவரிடமே படித்தவள். அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். சின்ன டீச்சர் பலகையைப் பார்த்த மாத்திரத்தில் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டாள். "சார், இதுக்கு முழு எண்ல காரணியே கிடையாது சார். தன்மைகாட்டி தொண்ணூத்தேழு வருது. அது வர்க்க எண்ணே இல்ல. யார் தேடினாலும் கிடைக்காது. நீங்கதான சார் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க, தேடறதுக்கு முன்னாடி தன்மைகாட்டிய பாருன்னு."

வாத்தியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தி சொல்லிக் கொடுத்து அழைத்திருக்கிறாள், இன்னொருத்தி தேற்ற வந்திருக்கிறாள். அவருக்குக் கணக்கு அப்படித்தான் விழுந்தது. "நன்றிம்மா" என்று கை உயர்த்தினார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சின்ன டீச்சர் அழுதாள். "தன்மைகாட்டின்னா என்னம்மா?" என்று அவளிடம் கேட்டாள் டெய்லரக்கா. சின்ன டீச்சர் சொன்னாள். முதல் எண், கடைசி எண், நாலு மூன்றையும் பெருக்கி, நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து கழிப்பது. வருவது வர்க்க எண்ணாக இருந்தால் தேடலாம், இல்லாவிட்டால் தேடிப் பயனில்லை. இவ்வளவுதான். புத்தகத்தில் இரண்டு பக்கம் தள்ளி இருந்தது. அவள் அதுவரை படிக்கவில்லை. அவர் அதை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவர். வேண்டியிருந்த அந்த ஒரு நாளில் அது அவர் நினைவுக்கு வரவில்லை.

தலைமையாசிரியருக்கு அவரே போனில், "வரல சார்" என்றார். அதற்கப்புறம் சாக்பீஸைத் தொடவில்லை. அவள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். கெஞ்சினாள், கோபித்தாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்தாள். எதைச் சொன்னாலும் அவருக்கு அது இவளுடைய இரக்கமாகவே பட்டது. முன்னறையில் அவள் மிஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பட்டன்களை நிறம் பிரித்து டப்பாக்களில் போட்டுக்கொண்டிருப்பார். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பள்ளி விட்டு அந்தத் தெரு வழியாகப் பிள்ளைகள் போகும் நேரத்தில் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், அவள் அடக்க முடியாமல் கேட்டாள். "ஏங்க, நான் சொல்றத ஒரு தரமாவது நம்பக்கூடாதா? தப்பு என்னோடதுங்க. என்னோடது."

அவர் பட்டன் டப்பாவை மூடிவைத்தார். அவள் எதற்கோ மன்னிப்புக் கேட்கிறாள், இவளைத் தேற்ற வேண்டும் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். அவ்வளவு நீளமாக அவர் பேசி வெகு காலமாயிற்று.

"நீ... நல்லா சொல்லிக் குடுத்த. ரொம்ப நல்லா. நான்தான்... மக்கு."

எத்தனை மோசமாகப் படிக்கிற பிள்ளையையும் அவர் அந்தச் சொல்லால் திட்டியதில்லை. மற்ற ஆசிரியர்கள் சொன்னால்கூடச் சண்டைக்குப் போவார். அவள் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த கோடைக்குள் இரண்டாவது தாக்குதல் வந்தது. அவள் நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். அவர் நாற்காலியிலேயே சாய்ந்திருந்தார். பள்ளிக்கு அன்று விடுமுறை விட்டார்கள். அவரிடம் படித்தவர்கள், தலை நரைத்தவர்கள்கூட, தெருமுனை வரை நின்றார்கள். ஒவ்வொருவரும் அவளிடம் வந்து, எக்ஸ் சார் இல்லாவிட்டால் எனக்குக் கணக்கே வந்திருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் எல்லோருக்கும் கைகூப்பினாள்.

எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் போனபின் மகள் சில நாள் தங்கினாள். அப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள், "கடைசி காலத்துல அப்பா அமைதியாத்தாம்மா இருந்தாரு. ஒரு மனக்குறையும் இல்லாம போயிட்டாரு" என்றாள்.

டெய்லரக்கா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முதல் தடவையாக, ஒன்று விடாமல்.

மகள் கையிலிருந்த துணியை ஓரமாக வைத்தாள். பிறகு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்மா. மனசுக்குள்ள தெரிஞ்சிருக்கும். வெளிய சொல்லத் தெரியல, அவ்வளவுதான்" என்றாள்.

"தெரியாதுடி" என்றாள் அவள். "தெரிஞ்சிருந்தா என்னைப் பாத்து ஃபெயில்னு சிரிச்சிருப்பாரு. தெரியாது. மக்குன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு."

மகள் மடித்த சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.